திரும்பிப் போயிடலாமான்னு கேட்டவன்

பையன் அமெரிக்கால ஒன்பதாவது படிக்கிறான், நான் இங்க விடியக்காலைல ஆன்லைன்ல இங்கிலீஷ் ட்யூஷன் எடுக்கறேன். ஸ்கூல்ல எஸ்ஸே குடுத்திருந்தாங்க, ரெண்டு சிறுகதைல வர்ற பயமுறுத்தற ஆளுங்கள ஒப்பிட்டு யார் அதிகம்னு எழுதணும். ஒண்ணு ரிச்சர்ட் கானல் 1924ல எழுதின கதைல வர்ற ஜெனரல் ஸாரோஃப், இன்னொண்ணு எட்கர் ஆலன் போ 1846ல எழுதினதுல வர்ற மான்ட்ரசர்.

பல வருஷமா இதே ரெண்டு கதைய எடுக்கறதால எங்கிட்ட பதில் ரெடியா இருந்துச்சு, ஸாரோஃப்தான். தீவு, வேட்டை நாய்ங்க, மிருகம் அலுத்துப்போய் மனுஷனையே வேட்டையாடறது, கத்தியும் சாப்பாடும் குடுத்து ஓடு, மூணு நாள் தப்பிச்சா விட்டுடறேன்னு சொல்றது, எழுத எவ்வளவோ இருக்கு, மார்க்கும் விழும்.

பையன் ஒத்துக்கல. "ஸாரோஃப் என்ன செய்யப்போறான்னு சொல்லிடறான் மேம், ஓடலாம். மான்ட்ரசர் இருமல் ஜாஸ்தியா இருக்கே, உன் உடம்பு முக்கியம், திரும்பிப் போயிடலாம்னு கேக்கறான். அப்படிக் கேட்டா யார் திரும்பிப் போவாங்க?"

மான்ட்ரசர் பழிவாங்க நிலவறைக்குக் கூட்டிட்டுப் போற ஃபார்ச்சுனாட்டோ 'இருமலால நான் சாகமாட்டேன்'ங்கறான், 'உண்மைதான், உண்மைதான்'னு மான்ட்ரசர் சொல்றான், அவன உயிரோட சுவர் வெச்சு மூடப்போறவன். அந்த வரிய கோடு போடச் சொல்லிட்டு எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கேன், பையன் அங்கயே நின்னுட்டான்.

"அப்படி யாரையாவது உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். அதுவரைக்கும் ஹெட்போன் ஒயர விரல்ல சுத்திச் சுத்தி விட்டுட்டிருந்தான். பின்னாடி கதவு திறந்துச்சு, ஒயரு அப்படியே நின்னுச்சு, நிமிந்து உக்காந்தான். "எந்த வரிய கோட் பண்ணணும் மேம்?"னான்.

அப்பா எப்பவும் போல சிரிச்சுட்டே எட்டிப் பாத்தார். "எப்படிப் பண்றான் மேடம்? கஷ்டமா இருந்தா விட்டுடலாம், நாங்க ப்ரெஷரே பண்றதில்ல." நான் சொன்னேன், "நல்லா யோசிக்கறான் சார், எழுதறதுலதான் கொஞ்சம் சோம்பேறித்தனம்."

ஏன் சொன்னேன்னு இன்னும் தெரியல. ட்யூஷன் டீச்சர்னா ஏதாவது குறை சொல்லணும், இல்லன்னா ஒண்ணும் கவனிக்கலன்னு நினைப்பாங்கன்னு ஒரு பழக்கம். அந்த அப்பா நிஜமாவே நல்ல மனுஷனா இருக்கலாம், ஃபீஸ் ஒரு நாள் தள்ளினதில்ல, ஒரு தடவை குரல் உசத்திப் பாத்ததில்ல. கதவு திறந்தா எந்தப் பையனும் நிமிந்துதான் உக்காருவான். கதையப் படிச்சுப் படிச்சு எல்லா வீட்டுலயும் அதையே தேடறேனோன்னும் தோணுது. ஆனா கஷ்டமா இருந்தா விட்டுடலாம்ங்கற பேச்சும் திரும்பிப் போயிடலாம்ங்கற பேச்சும் காதுல ஒரே மாதிரிதான் விழுது, என்ன பண்றது. தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டா, நானும் சிரிச்சுட்டே அக்கறையா கேக்கற இன்னொரு ஆளாத்தான் அவனுக்குத் தெரிவேன்.

எஸ்ஸே ஸாரோஃப் பத்தித்தான் எழுதினான், நான் சொன்ன மாதிரியே அஞ்சு பாரா. ஏ கிரேடு வந்துச்சு, அப்பா நன்றி சொல்லி மெசேஜ் போட்டார்.

அடுத்த கிளாஸ்ல, "மான்ட்ரசர் பத்தி எழுதணும்னு இருந்தியே"ன்னேன்.

"நீங்க சொன்னதுதான் மேம் ஈஸி."

அவன் பின்னாடி கதவு பாதி திறந்தே இருந்துச்சு.