வாட்ச்மேன் விசில்

படகின் முதுகில் ஜவ்வரிசி வடாம் காய்ந்துகொண்டிருந்தது. வரிசைக்குப் பத்து, மொத்தம் ஒன்பது வரிசை. காக்காய்க்குப் பயந்து நடுவில் ஒரு கறுப்புக் குடை வேறு.

நான் கத்தவில்லை. மூன்று நாளாகக் குனிந்த முதுகு நிமிராமல் 1200 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தவனுக்குக் கத்தத் தெம்பு ஏது? "அம்மா, இது போட்டிக்குப் போற படகும்மா" என்றேன், அவ்வளவுதான்.

"அதான்டா வழவழன்னு இருக்கு. பிளாஸ்டிக் ஷீட்டே வேண்டாம். பாரு, எப்படி உரிஞ்சு வரதுன்னு."

ஒன்றை உரித்தும் காட்டினாள். ஒட்டவே இல்லை. இதைவிடப் பெரிய சான்றிதழ் என் தேய்ப்புக்குக் கிடைக்கப்போவதில்லை என்று விட்டுவிட்டேன். விசிட்டர் பார்க்கிங்கை அடைத்துக்கொண்டு படகு கவிழ்ந்து கிடப்பது பற்றி அசோசியேஷன் செயலாளர் அனுப்பிய மூன்று வாட்ஸ்அப் செய்திகளுக்கும், வடாம் காய்ந்ததும் எடுத்துவிடுகிறோம் என்று ஒரே பதிலாகப் போட்டேன்.

பாய்மரப் படகோட்டி நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன படத்தைப் பேப்பரில் பார்த்த நாளிலிருந்து சின்னவனுக்குப் பிடித்த பைத்தியம் இது. அவன் ஓட்டுவது ஆப்டிமிஸ்ட். 2.3 மீட்டர் நீளம், சப்பை மூக்கு, தூரத்திலிருந்து பார்த்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி. 1947-ல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்ற மகராசன், ரெண்டே ரெண்டு பிளைவுட் பலகையில் பசங்களுக்குச் செய்து கொடுத்துவிடலாம் என்று வரைந்த படகு. அவர் சுலபமாகத்தான் வரைந்தார். பின்னால் விதி எழுத வந்தவர்களுக்குத்தான் என் மேல் ஏதோ முன்ஜென்மப் பகை.

பாய்க்கும் அதைக் கட்டும் மரத்துக்கும் நடுவே இடைவெளி 10 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ராத்திரி பதினொன்றரைக்கு மரத்தை சோபாவுக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் பாலம் மாதிரிப் போட்டு, பள்ளிக்கூட ஸ்கேலும் கையுமாக ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கமணி தண்ணீர் குடிக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"பிளவுஸுக்கு ஒரு ஊக்கு தைச்சுத் தரச் சொன்னப்போ கண்ணு தெரியலைன்னீங்களே?"

படகின் முன்பக்கம் கட்டும் இழுவைக் கயிறு 8 மீட்டருக்குக் குறையக் கூடாது, தண்ணீரில் மிதக்க வேண்டும். அம்மா அதை முழங்கையில் சுற்றி அளந்துவிட்டு, "ஒம்பது கஜம் கிட்ட வரும் போலிருக்கே, மடிசாரே கட்டிக்கலாம்" என்றாள். வெறும் தொட்டி 35 கிலோவுக்குக் குறையக் கூடாது என்றதும், "குறையக் கூடாதா? ஏர்போர்ட்ல கூடக் கூடாதுன்னுதானே உயிரை வாங்கறான்" என்று குழம்பிப் போனாள். தண்ணீர் இறைக்க, அஞ்சு லிட்டர் நல்லெண்ணெய் கேனைக் கோணலாக வெட்டிச் சொப்பு பண்ணினேன். நாலு தடவை சோப்புப் போட்டும் வாசம் போகவில்லை. படகில் ஏறினாலே இட்லி ஞாபகம் வருகிறது என்கிறான் பையன்.

இதற்கு நடுவில் வாட்ச்மேன் தாத்தா. முதல் நாள், "என்ன சார், தொட்டிக்குப் பாய் கட்டுறீங்க?" என்று சிரித்தார். ரெண்டாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பக்கம் உட்கார்ந்து உப்புத்தாள் போட ஆரம்பித்துவிட்டார். தொண்டிப் பக்கத்துக்காரர். அவர் ஊர்த் திருவிழாவில் பாய்மரப் படகுப் போட்டி உண்டாம். "காத்து கூடிருச்சுன்னா பலகையில ஏறி வெளிய உக்காந்துருவோம் சார். எடை எவன் பக்கமோ, படகு அவன் பக்கம்."

அப்புறம் சொன்னார்: "காலையில கச்சான் அடிக்கும், மேக்கேருந்து வர்ற காத்து. பத்து, பத்தரைக்குச் செத்துரும். அப்பறந்தான் கடக்காத்து ஏறும். நடுவுல தம்பிய அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க." காசு கட்டி நான் வாங்கிய காற்று ஆப், இதையே மறுநாள் அம்புக்குறி போட்டுச் சொன்னது.

நேற்று மதியம் துறைமுகத்தில் சோதனை. எடை சரி. பாய் சரி, முத்திரை விழுந்தது. முடிச்சு ஒவ்வொன்றையும் பார்த்து அந்த மனிதர் தலையாட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் லைஃப் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "விசில்?" என்றார்.

கயிறு இருந்தது. நுனி மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கிய மாதிரி நேராக இருந்தது.

போன் போட்டேன். "மத்தியானம் கண்ணசர விடாம ஊதிண்டே இருந்தான்டா. நறுக்கி எங்கேயோ வெச்சேன்."

"எங்கேம்மா?"

"எங்கேயோன்னா எங்கேயோதான்."

அஞ்சு மணிக்குள் காட்டினால் பாஸ். வீட்டுக்கு ஓடி வந்து அலமாரியைக் கவிழ்த்ததில் செல்லாத பழைய ஐநூறு ரூபாய் நோட்டு நாலு, என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் ஜெராக்ஸ், மூடி இல்லாத மருதாணி டப்பா மூன்று கிடைத்தன. விசில் இல்லை. குக்கர் விசிலைக் கட்டிவிட்டால் என்ன என்று நிஜமாகவே ஒரு நிமிஷம் யோசித்தேன்.

கேட்டில் தாத்தா என் முகத்தைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், கழுத்திலிருந்ததைக் கழற்றினார். முலாம் போய் வாய் வைக்கும் இடத்தில் பித்தளை தெரிகிற விசில். சட்டைத் துணியில் ரெண்டு தடவை துடைத்துக் கொடுத்தார். சின்னவன் அதை ஊதியதில் துறையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். பாஸ்.

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு தட்டியது. அந்த விசிலால் தூக்கம் கெடுகிறது என்று ஆறு வருஷத்தில் ரெண்டு தடவை மனுக் கொடுத்தவன் நான். இப்போது அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. பால்கனிக்குப் போனேன். கீழே தாத்தா ஒவ்வொரு பிளாக்காக நின்று, கம்பால் கிரில் கதவைத் தட்டிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் கம்பை இறக்கினார்.

"தம்பி தூங்கிருச்சா?"

"தூங்கிட்டான்."

கார் மேல் கட்டியிருந்த படகின் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். முகத்தை மேற்கே திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"கச்சான் தொடங்கிருச்சு சார்" என்றுவிட்டு, அடுத்த பிளாக் கதவைத் தட்டப் போனார்.