செம்மறி ஆட்டின் கழுத்தில் ஒரு செயற்கை ரத்தக் குழாய்

பெருந்தமனிக்கு டாக்ரான் என்ற பாலியெஸ்டர் துணிக் குழாய் வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். அதே பொருளில் 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டத்தில் ஒரு குழாய் செய்து வைத்தால் கதை வேறு. ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் தையல் போட்ட இடத்தில் உட்சுவர் தடித்து வழி குறுகும். அந்தச் சிறிய குழாய்க்காகத்தான் எங்கள் குழு உழைத்துக்கொண்டிருக்கிறது.

எலிகளில் எங்கள் குழாய் நன்றாகவே ஓடியது. ஆனால் எலிக்குள் வைப்பது சின்னத் துண்டு. இரண்டு முனைகளிலிருந்தும் எலியின் சொந்த உட்சுவர் செல்கள் ஊர்ந்து வந்து, ரத்தம் உறையாதபடி அதை முழுக்க மூடிவிடும். மனித உடலில் தையலைத் தாண்டி ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் அவை வருவதில்லை. அதனால் நீளமான குழாயை, மனிதத் தமனியின் அளவுக்கு நெருங்கிய ஒரு தமனியில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

எந்த விலங்கு என்பதில் நிறைய விவாதித்தோம். பன்றியின் இதயமும் அதன் தமனிகளும் மனிதருடையதைப் போலவே இருக்கும். ஆனால் பண்ணைப் பன்றி சில மாதங்களிலேயே பெருத்துவிடும், வைத்த குழாய் வைத்த அளவிலேயே நிற்கும். செம்மறி ஆட்டுக்குக் கழுத்து நீளம், தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி எளிதாக எட்டும், வளர்ந்த ஆட்டின் எடையும் அவ்வளவாக மாறாது. இளம் ஆடுகளில் சுண்ணாம்புப் படிவு சீக்கிரம் வரும் என்பதால் வளர்ந்தவற்றையே எடுத்தோம்.

நெறிமுறைக் குழுவின் கேள்விகள் கடுமையானவை, ஆனால் நியாயமானவை. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் விலங்குச் சோதனைக்குச் சொன்ன மூன்றும்தான் அடிப்படை: விலங்குக்கு மாற்று உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, துன்பத்தைக் குறைக்க முடியுமா. ஒரே ஆட்டின் ஒரு பக்கத்தில் எங்கள் குழாய், மறுபக்கத்தில் ஒப்பீட்டுக் குழாய் என்று வைத்தால் ஆடுகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் ஒரே உயிர் இரண்டு பக்கச் சுமையையும் தாங்க வேண்டும். பேசிப் பேசி, எண்ணிக்கை கூடினாலும் பரவாயில்லை, ஒரு ஆட்டுக்கு ஒரு பக்கம் போதும் என்று முடிவானது. எந்த நிலை வந்தால் சோதனையை நிறுத்துவோம் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம். எனக்கு அந்தப் பக்கம்தான் முழு விண்ணப்பத்திலும் முக்கியமானது.

அறுவை சிகிச்சையில் தையலுக்கு முன்பே வேலை நிறைய. அசைபோடும் விலங்கு என்பதால் முன்கூட்டியே தீவனத்தை நிறுத்த வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் வாயு சேராமல் இருக்க ஒரு குழாய் விட வேண்டும், எச்சில் வெளியே வடியும்படி தலையைச் சாய்த்து வைக்க வேண்டும். கரோட்டிட்டை ஒட்டியே இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பு ஓடுகிறது, அதைத் தொந்தரவு செய்யாமல் பிரிக்கத் தனிப் பொறுமை வேண்டும். ரத்த ஓட்டத்தை நிறுத்தும் கிளாம்ப் போடுவதற்கு முன், ரத்தம் உறையாமல் இருக்க, உடல் எடையில் கிலோவுக்கு 100 யூனிட் கணக்கில் ஹெப்பாரின் மருந்து கொடுத்தோம். அப்புறம் முடியைவிட மெல்லிய பாலிப்ரோப்பிலீன் நூலால் தையல். கிளாம்பை மெல்லத் தளர்த்தியதும் வெள்ளைக் குழாய் ஒரு முனையிலிருந்து சிவந்துகொண்டே போகும், தையல் துளைகளில் ரத்தம் கசியும். பஞ்சை வைத்து மிதமாக அழுத்தியபடி காத்திருந்தால் கசிவு நிற்கும். குழாயைத் தாண்டிய பக்கத்தில் தமனி விரலுக்கடியில் துடிப்பது தெரிந்த பிறகுதான் கழுத்தை மூடுவோம்.

செம்மறி ஆடு வலியை வெளியே காட்டாது. இரையாகும் விலங்குகளின் இயல்பு அது. காதுகள் எப்படி நிற்கின்றன, கண் பாதி மூடியிருக்கிறதா, தலை தொங்குகிறதா என்று பார்த்துப் பழக வேண்டும். தனியாக விட்டால் மிரளும், அதனால் பக்கத்துத் தடுப்பில் எப்போதும் இன்னொரு ஆடு இருக்கும். ஆடு மறுபடி அசைபோடத் தொடங்கியதைப் பார்த்தால் எங்களுக்கு மூச்சு வரும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பராமரிப்பாளர். அவர் பெயர் ஆய்வுக் கட்டுரையில் வர வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன், வந்தது.

பிறகு வந்த மாதங்களில் ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன்தான் எங்கள் கண். கழுத்து ரோமத்தை மழித்து, ஜெல் தடவி, இரண்டு தையல்களிலும் ரத்தத்தின் வேகத்தைப் பார்ப்போம். ஓரிடத்தில் மட்டும் வேகம் கூடினால் அங்கே வழி குறுகுகிறது என்று பொருள்.

கடைசியில் ஆழ்ந்த மயக்கத்தில் ஆட்டின் உயிரை முடித்து, குழாயை எடுத்து, ரத்த அழுத்தத்துக்கு இணையான அழுத்தத்திலேயே ஃபார்மலின் செலுத்திப் பதப்படுத்தினோம். அழுத்தம் இல்லாமல் செய்தால் சுவர் சுருங்கி, அளவுகள் பொய் சொல்லும். நீளவாக்கில் வெட்டிப் பார்த்தபோது இரு முனைகளும் வழவழப்பாக, பளபளப்பாக இருந்தன. நடுப்பகுதி மங்கலாக, அங்கங்கே திட்டுத் திட்டாக மட்டும் மூடியிருந்தது. பல ஆய்வுகள் குழாய் திறந்திருக்கிறதா, அடைத்ததா என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றன. எங்கள் குழாயும் பெரும்பாலான ஆடுகளில் திறந்துதான் இருந்தது. ஆனால் நோயாளியின் காலில் இதைவிட நீளமான குழாய் வைக்க வேண்டியிருக்கும், அதில் பெரும்பகுதி இந்த நடுப்பகுதியைப் போலத்தான் இருக்கும். அதனால் நடுப்பகுதியின் படத்தைத்தான் அறிக்கையில் முதலில் வைத்தோம்.

இப்போது குழாய்ச் சுவரில் உள்ள நுண்துளைகளின் அளவை மாற்றி, ஆய்வகத்தில் ரத்தம் சுற்றி ஓடும் சாதனத்தில் குழாயைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். அங்கே தேறாத எதையும் ஆட்டுக்குள் வைப்பதில்லை என்று அடுத்த விண்ணப்பத்தில் நாங்களே எழுதியிருக்கிறோம்.