இரவல் பதிவேட்டில் ஏறாத வாசிப்பு

திருப்பூர் மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் பதினோரு ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். எங்களிடம் அதிகம் தேய்வது போட்டித் தேர்வு நூல்களும் செய்தித்தாள் மேசையும்தான். சிறுவர் பகுதி என்று பலகை மாட்டிய இடத்தில் இரண்டு இரும்பு அலமாரிகளும், ஒரு கோரைப் பாயும், கால் ஒடிந்து கட்டுக்கம்பியால் சுற்றப்பட்ட ஒரு குட்டி நாற்காலியும் இருக்கின்றன. குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "கொஞ்சம் ஒழுக்கம் வர்ற மாதிரி ஏதாச்சும் குடுங்க மேடம்" என்றோ, "பயம் போற மாதிரி ஒண்ணு இருக்குங்களா?" என்றோதான் கேட்பார்கள். மருந்துக் கடையில் நிற்பவர்களைப் போலப் பேசுகிறார்களே என்று அவர்களைப் பற்றி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த நானும் பல ஆண்டுகள் அந்தக் கடையைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது.

அன்று வந்தவள் ஏழாம் வகுப்புப் படித்த ஒரு பெண். இடது காலில் காலிப்பர் (நடக்கும்போது காலைத் தாங்கும் சட்டம்) அணிந்திருப்பாள். அது எதனால் என்று நான் கேட்டதில்லை. பேய்க் கதைகளைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். அவளுக்கென்றே நான் எடுத்து வைத்திருந்தது ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகி தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் வெளிவந்த 'டோட்டோ-சான்' நூலின் தமிழ்ப் பதிப்பு. போலியோவால் கைகால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுவனைத் தன் மரத்தில் ஏற்றிவிடச் சிறுமி டோட்டோ-சான் ஏணியை இழுத்து வந்து படாதபாடு படும் அத்தியாயம் அதில் உண்டு. அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, பக்கத்தைத் திறந்தே அவளிடம் நீட்டி, "இது உனக்கு ரொம்பப் பிடிக்கும் கண்ணு" என்றேன். அவள் நான்கைந்து வரிகள் படித்தாள். பிறகு பக்கத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இது எதுக்குங்க மேடம் எனக்கு?" என்று கேட்டுவிட்டு, புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அதன் பிறகு நான்கு மாதம் அவள் நூலகத்துப் பக்கம் வரவில்லை.

அந்த நான்கு மாதத்தில் அதே புத்தகத்தை நான் மறுபடி படித்தேன். முதல் வாசிப்பில் வேடிக்கையாகத் தோன்றிய ஓர் அத்தியாயம் இந்த முறை என்னைக் கூச வைத்தது. டோட்டோ-சான் படிக்கும் டோமோயி பள்ளியில் தகஹாஷி என்றொரு மாணவன். கைகால்கள் குட்டையாக இருக்கும், வளர்ச்சி நின்றுபோன உடல். அந்தப் பள்ளியின் விளையாட்டு விழாவில் துணியால் செய்த பெரிய மீனின் வாய்க்குள் நுழைந்து வால் வழியே வெளியே வருவதும், படிக்கட்டுகளில் ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவதும் போட்டிகள். நீண்ட கால்கள் உள்ள பிள்ளைகள் தடுமாற, தகஹாஷி எல்லாவற்றிலும் முதலில் வருகிறான். முள்ளங்கியும் கீரைக்கட்டும் பரிசாகக் கிடைக்கின்றன. போட்டிகளை அவனுக்கு ஏற்றபடி அமைத்த தலைமையாசிரியர் கோபயாஷி அதைப் பற்றி அவனிடம் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. உனக்காகத்தான் இது என்று தோளைத் தட்டுவதில்லை. அப்படிப்பட்ட மனிதரைப் பற்றிய புத்தகத்தைக் கொண்டே அவர் ஒருநாளும் செய்திருக்கமாட்டாத காரியத்தை நான் செய்திருந்தேன்.

சிறுவர் நூல்களைப் பற்றிய பேச்சில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓர் உவமை உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையில், புத்தகங்கள் குழந்தைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும் பிறர் வாழ்வைக் காட்டும் ஜன்னலாகவும் உள்ளே நுழைந்துவிடக்கூடிய கதவாகவும் இருக்க முடியும் என்றார். தங்களைப் போன்ற முகங்களைப் புத்தகங்களில் பார்க்கவே கிடைக்காத கறுப்பினக் குழந்தைகளை மனத்தில் வைத்துச் சொன்னது அது. நம் ஊரிலும் பொருந்தாமல் இல்லை. (முகம் பார்ப்பதற்கும் ஜன்னலுக்கும் தமிழில் கண்ணாடி என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு அந்த உவமை இன்னும் எளிதாகப் பிடிபடும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.) ஆனால், வீட்டில் கண்ணாடி சுவரில் மாட்டியிருக்கும், வேண்டும்போது நாமே போய்ப் பார்த்துக்கொள்வோம். பிறர் அதைக் கழற்றி வந்து நம் முகத்துக்கு நேரே பிடித்தால் எப்படியிருக்கும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த விதிதான். 'அவருக்குரிய நூல்' என்பதை 'அவரைப் பற்றிய நூல்' என்று நானாகவே மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அந்த வாரமே, 'தன்னம்பிக்கை' என்று வண்ணக் காகிதத்தில் எழுதி அலமாரியில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தேன். மாற்றுத்திறனாளிகள், அகதிகள், தாயை இழந்தவர்கள், கேலிக்கு ஆளானவர்கள் என்று அந்தத் தட்டில் அடைபட்டுக் கிடந்த கதைகளையெல்லாம் எடுத்துப் பேய்க் கதைகளுக்கும் விடுகதைகளுக்கும் நடுவே கலந்து வைத்தேன். அந்தப் பெண் பிறகு வந்தாள், பேய்க் கதைகளையே எடுத்தாள். இப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அவள் பெயரில் 'டோட்டோ-சான்' ஒருமுறைகூட இரவல் போனதாகப் பதிவில்லை.

சொல்லாமல் வைப்பதென்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று பொருளல்ல. இங்கே பனியன் கம்பெனிகளில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைய. அப்படி வந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளி விட்டதும் நூலகத்துக்கு வந்து, படமுள்ள புத்தகங்களை மட்டும் புரட்டிவிட்டுப் போவான். மற்ற பிள்ளைகள் அவனை "ஏய் இந்திக்காரா" என்று கூப்பிடுவார்கள்; அவனோ ஒடியா பேசுகிறவன். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல இந்திய மொழிகளில் கிடைக்கும், யாரும் இலவசமாக அச்செடுத்துக்கொள்ளலாம். ஒரே படக்கதையைத் தமிழில் ஒன்றும் ஒடியாவில் ஒன்றுமாக அச்செடுத்து, ஸ்டேப்ளர் அடித்துப் பாயில் போட்டு வைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள், நான் நாளிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பாயில் சத்தம் கேட்டது. ஒடியாப் படியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி, "என்னடா இது, எல்லா எழுத்தும் குடை பிடிச்சிட்டு நிக்குது!" என்றாள். ஒடியா எழுத்துகளின் தலையில் வளைந்திருக்கும் கோட்டை அதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. அவன் சிரித்துக்கொண்டே அந்தக் குடைகளுக்கு அடியில் விரலை வைத்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினான். தமிழ்ப் படியை வைத்திருந்தவர்கள் அவன் எந்த வரியில் இருக்கிறான் என்று படத்தைப் பார்த்துத் தேடினார்கள். அன்று மாலை ஐந்து பிள்ளைகள் தங்கள் பெயர்களை ஒடியாவில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள், ஒருத்தி உள்ளங்கையில். 'இந்திக்காரன்' என்ற பெயர் போய்விட்டது. 'குடைக்காரன்' என்ற பட்டப்பெயர் வந்தது. அதற்கு அவன் உடனே திரும்பிப் பார்ப்பான்.

நம்பிக்கை தரும் நூல்களில்தான் எனக்குத் தயக்கம் அதிகம். முடிவில் எல்லாம் சரியாகிவிடும் கதைகளைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் சந்தேகிக்கிறார்கள். ஓர் ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின் சடாகோ சசாகியின் கதையைச் சொன்னேன். 1945இல் குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது; ரத்தப் புற்றுநோயால் 1955 அக்டோபரில், பன்னிரண்டாம் வயதில் இறந்தாள். ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் வேண்டியது நடக்கும் என்ற நம்பிக்கையில் மருத்துவமனையில் மடித்துக்கொண்டேயிருந்தாள். எலினார் கோயர் 1977இல் எழுதிய புகழ்பெற்ற சிறுவர் நூல், 644 மடித்த நிலையில் அவள் இறந்ததாகவும் மீதியைத் தோழர்கள் முடித்ததாகவும் சொல்கிறது. அவளுடைய குடும்பத்தினர் சொல்வதோ, அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள் என்பது. நான் இரண்டையும் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "ஆயிரத்துக்கு மேல மடிச்சும் செத்துட்டாள்னா, அப்புறம் எதுக்குங்க மேடம் மடிக்கோணும்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை, இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. 644 என்ற கணக்கில் ஒரு வசதி இருக்கிறது. குறைந்த எண்ணிக்கையின்மீது பழியைப் போட்டுவிடலாம். குடும்பம் சொல்லும் கணக்கில் அந்த வசதி கிடையாது. கழிவுக்கு வைத்திருந்த பழைய மாதிரி வினாத்தாள்களில் அன்று அவர்கள் கொக்கு மடித்தார்கள். கேள்வி கேட்டவன் மடிக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் மடித்தவற்றில் கழுத்து சரியாக வராதவற்றைப் பிரித்துத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சென்ற இருப்புச் சரிபார்ப்பின்போது சிறுவர் பகுதியில் ஒரு நூல் குறைந்தது. யெஸ். பாலபாரதி எழுதி, 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்ற 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. குழந்தைகள்மீது நடக்கும் பாலியல் சீண்டலைக் குழந்தைகளுக்கே புரியும்படி பேசும் கதை. இரவல் பதிவேட்டில் அது ஒருமுறைகூட வெளியே போனதில்லை. பதிவு இல்லையென்றால் படிக்க ஆளில்லை என்றுதான் எங்கள் கணக்கு எடுத்துக்கொள்ளும். தொலைந்தவற்றின் பட்டியலில் சேர்க்கப் போன நேரத்தில், யாரும் தொடாத கலைக்களஞ்சியத் தொகுதிகளின் முதுகுக்குப் பின்னால் அது படுத்திருந்ததைப் பார்த்தேன். அட்டையின் மூலைகள் மடங்கி, பக்க ஓரங்கள் விரல்பட்டுக் கறுத்திருந்தன. நடுவில் அடையாளத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு; தலைமுடி கட்டுவது, சிவப்பு நிறம்.

வீட்டுக்கு எடுத்துப் போக முடியாமல் யாரோ இங்கேயே, தவணை தவணையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரா, பலரா, இப்போதும் வருகிறவர்களா என்று எனக்குத் தெரியாது. சில நாட்கள் மாலையில் வரும் பிள்ளைகளின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் நிறுத்திக்கொண்டேன். பள்ளிகளில் ஒட்டியிருக்கும் 1098 குழந்தைகள் உதவி எண் சுவரொட்டியைப் போல ஒன்றை வாங்கி, கலைக்களஞ்சியத் தட்டுக்கு நேர் எதிரே, உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் ஒட்டினேன். சேர்க்கை எண்ணுக்கு நேரே 'இருப்பில் உள்ளது' என்று எழுதிவிட்டு, ரப்பர் பேண்டு நகராமல், ஐந்தாம் தொகுதிக்கும் ஆறாம் தொகுதிக்கும் பின்னால் எடுத்த இடத்திலேயே அந்தப் புத்தகத்தை வைத்தேன்.