சிஎஸ்எஸ் 200 என்கிறது, பக்கமோ மொட்டையாக நிற்கிறது

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு இருக்கிறது, முகவரி சரி, சர்வரும் 200, அதாவது ‘கிடைத்தது’ என்கிறது. ஆனாலும் பக்கம் நிறமோ கட்டமோ இல்லாமல் வருகிறது. சிஎஸ்எஸ்ஸைத் திருத்தப் போகாதீர்கள். எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபில் அந்தக் கோப்பின் கன்டென்ட்-டைப் ஹெட்டரை, அதாவது கோப்பு எந்த வகை என்று சர்வர் சொல்லும் வரியைப் பாருங்கள். ‘டெக்ஸ்ட்/சிஎஸ்எஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்’ (வகை தெரியாத வெறும் பைட்டுகள்) இருந்தால் கோளாறு சர்வரில். பிரவுசர் ஹெட்டரைத்தான் நம்பும், எக்ஸ்டென்ஷன் என்ன என்பது அதற்குப் பொருட்டே இல்லை. (முதல் வரியில் டாக்டைப் அறிவிப்பு இல்லாத பழைய பக்கங்களில் மட்டும், அதே தளத்துக் கோப்பு என்றால் தவறான வகையைக் கண்டுகொள்ளாமல் விடும். ஒரு பக்கம் சரியாக வந்து இன்னொன்று கெடுவது இதனாலும் இருக்கலாம்.)

என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வரில் இதற்கு அடிக்கடி காரணமாவது, கான்ஃபிக் கோப்பில் நல்லெண்ணத்தில் சேர்த்த ஒரு வரி. எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எந்த வகை என்று சொல்லும் பழைய மைம்.டைப்ஸ் பட்டியலில், ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல் கோப்புக்கான .எம்ஜேஎஸ் கிடையாது, மாட்யூலுக்கோ வகை சரியாக இல்லாவிட்டால் பிரவுசர் ஓட்டவே ஓட்டாது. அதனால் சர்வர் பிளாக்குக்குள் ஒரு டைப்ஸ் பிளாக் போட்டு அதை மட்டும் எழுதுகிறோம். மேலே ஹெச்டிடிபி பிளாக்கில் இன்க்ளூட் செய்த பட்டியலோடு இது சேர்ந்துகொள்ளும் என்று நினைப்போம். சேராது, முழுப் பட்டியலையும் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். மற்ற கோப்புகளுக்கெல்லாம் டிஃபால்ட்_டைப்தான் மிச்சம், பெரும்பாலும் அது ‘அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்’. ஹெச்டிஎம்எல் கோப்புகள் திறக்காமல் டவுன்லோடு ஆகும். பிஹெச்பி பக்கங்கள் தம் ஹெட்டரைத் தாமே அனுப்புவதால் தப்பிக்கும், அவற்றின் சிஎஸ்எஸ் மட்டும் கெடும்.

அந்த வரியை ஹெச்டிடிபி பிளாக்குக்கு, மைம்.டைப்ஸ் இன்க்ளூடுக்கு அடுத்து, தனி டைப்ஸ் பிளாக்காக மாற்றுங்கள். ஒரே மட்டத்தில் இருந்தால் இரண்டும் சேரும். .எம்ஜேஎஸ்ஸுக்கு ‘டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்’ போதும். 2022இல் வந்த ஆர்எஃப்சி 9239 என்ற இணையத் தர ஆவணம் அதையே முறையான பெயராக்கிவிட்டது. கான்ஃபிகைச் சோதித்து ரீலோடு செய்யுங்கள். அப்புறமும் பழையபடியே வந்தால் பதற வேண்டாம்: கோப்பு மாறாததால் சர்வர் 304 (‘மாற்றமில்லை’) சொல்கிறது, அதில் கன்டென்ட்-டைப் வராது, பிரவுசர் கேஷில் உள்ள பழைய வகையையே வைத்துக்கொள்கிறது. கேஷைத் தவிர்த்துப் புதிதாக ஏற்ற, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர்.

தமிழ் எழுத்து சிதைவது வேறு கதை. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘தமிழ்’ என்பது 15 பைட். சார்செட் (எந்த எழுத்துக் குறியாக்கம் என்ற தகவல்) தெரியாத பிரவுசர் அதைப் பைட்டுக்கு ஒன்றாக லத்தீன் குறிகளாகக் கொட்டலாம். ஹெச்டிஎம்எல்லில் சார்செட்டைச் சொல்லும் மெட்டா டேக் முதல் 1024 பைட்டுக்குள் இருந்தால் சமாளிக்கலாம், ஆனால் ஹெட்டர் வேறொன்று சொன்னால் ஹெட்டர்தான் ஜெயிக்கும். வெறும் .டிஎக்ஸ்டி கோப்பில் மெட்டாவுக்கு இடமே இல்லை. அதற்கு என்ஜின்எக்ஸில் சார்செட் (charset), அப்பாச்சி சர்வரில் ஆட்டிஃபால்ட்சார்செட் (AddDefaultCharset) என்ற கட்டளை. இரண்டிலும் மதிப்பு யுடிஎஃப்-8.