நைஃப் எட்ஜ் ஒருவழியாக நேரானது

என்னுடைய 48 அங்குல ரிமோட் மாடல் விமானம் எக்ஸ்ட்ரா 300 இப்போது மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நைஃப் எட்ஜில், அதாவது ஒரு இறக்கை தரையையும் மற்றது வானத்தையும் பார்க்கச் சாய்ந்தபடி, நூல் பிடித்த மாதிரிப் போகிறது. 90 டிகிரி சாய்த்தபிறகு கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் வலது குச்சியைத் தொடுவதே இல்லை. இடது கட்டைவிரலில் ரட்டரும் (வாலின் செங்குத்துச் சுக்கான்) த்ராட்டிலும் (மோட்டர் வேகம்), அவ்வளவுதான். பல மாதமாக என்னைப் படுத்திய விஷயம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

சர்வோ (பலகைகளை அசைக்கும் சிறு மோட்டர்) ஆர்மை 90 டிகிரியில் வைப்பது, ஹிஞ்ச் இடைவெளியை டேப் போட்டு அடைப்பது, இரண்டு ஏலரானும் (இறக்கையின் பின்விளிம்பில் உருளலைக் கட்டுப்படுத்தும் பலகைகள்) ஒரே அளவு அசைகிறதா பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எலிவேட்டரின், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கிடைவால் பலகையின், பின்விளிம்பை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால்கூட மேலே போய் எந்த டிரிம்மும் நிற்காது. சர்வோவை எலிவேட்டரோடு இணைக்கும் கம்பியின் இசட் வளைவைக் கழற்றிவிட்டு பால் லிங்க் (குண்டு மூட்டு) போட்டபிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

வால்டர் எக்ஸ்ட்ராவின் அசல் விமானம் 1988இல் முதலில் பறந்தது. நடுவில் இறக்கை, இரண்டு பக்கமும் சமச்சீர் ஏர்ஃபாயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்). அதனால்தான் மாடல்காரர்களுக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம். நேராகப் பறந்தாலும் தலைகீழாகப் பறந்தாலும் கிட்டத்தட்ட ஒரே குணம். ஆனால் நைஃப் எட்ஜில் பாரத்தைச் சுமப்பது இறக்கை இல்லை, பக்கவாட்டில் நிற்கும் உடம்பு. உடம்பைத் தூக்கிப்பிடிக்க மேல்பக்க ரட்டர் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்ததும் மூக்கு வயிற்றுப்பக்கம் மடங்கும், கூடவே லேசாக உருளவும் செய்யும்.

வலமிருந்து இடமாகப் பறக்கும்போது இடப்பக்கம் சாய்த்தால் விமானத்தின் முதுகு நம்மைப் பார்க்கும். அப்போது வயிற்றுப்பக்கம் இழுத்தால் விமானம் நம்மை விட்டு விலகி வெளியே ஓடும். பக்கத்தில் நிற்கும் தம்பி "வெளிய போகுதுங்ணா"ன்னு சொல்லிக்கொண்டே இருப்பான். மறுபக்கம் சாய்த்தால் இதுவே நம் தலைக்கு மேல் வந்து சேரும். அது ஆபத்து. ஆகவே எந்தச் சோதனையானாலும் முதுகு தெரிகிற பக்கமாகவே தொடங்குங்கள்.

மிக்ஸ் (ஒரு கட்டுப்பாட்டை அசைத்தால் இன்னொன்றும் தானே அசையும் அமைப்பு) போடும் ஆசையை முதலில் அடக்க வேண்டும். சி.ஜி. (எடை மையம்) முன்னால் இருந்தால் வயிற்று இழுப்பு அதிகமாகவே இருக்கும். 45 டிகிரியில் மேலேறும் கோட்டில் தலைகீழாகத் திருப்பி எலிவேட்டரை விட்டுப் பாருங்கள். மூக்கு சட்டென்று தரையைப் பார்த்தால் முன்பாரம். மெல்ல, ரொம்ப நேரம் கழித்துத் தணிந்தால் சரி. வயிற்றுப்பக்கம் தானே ஏறினால் பின்பாரம். என் விமானத்தில் பேட்டரியை 8 மில்லிமீட்டர் பின்னால் தள்ளியதிலேயே இழுப்பு பாதியாகக் குறைந்தது. தள்ளிய இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வெல்க்ரோவில் பேட்டரி கொஞ்சம் நகர்ந்தாலும் பின்னால் சொல்லப்போகும் எண்கள் எல்லாம் வீண்.

இப்போது மிக்ஸுக்கு வருவோம். என் டிரான்ஸ்மிட்டரில் எட்ஜ் டிஎக்ஸ் மென்பொருள். பலரும் ரட்டரிலிருந்து எலிவேட்டருக்கு ஐந்து புள்ளி வளைவு ஒன்றைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் இறக்கி, மாற்றி, மறுபடி ஏற்றுகிறார்கள். அதற்குள் காற்று மாறிவிடும், பேட்டரி தணிந்துவிடும், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே மறந்துவிடும். நான் இரண்டு மிக்ஸ் வரி எழுதினேன். ஒன்றுக்கு 'எக்ஸ் சுழியத்தை விடப் பெரிது' என்ற ஃபங்ஷன் (எக்ஸ் என்றால் ரட்டரின் மதிப்பு), மற்றதற்கு 'சிறிது'. முதலாவது வலது ரட்டருக்கு மட்டும் வேலை செய்யும், இரண்டாவது இடதுக்கு மட்டும். இரண்டின் அளவையும் தனித்தனி குளோபல் வேரியபிளில் (வேண்டியபோது மாற்றக்கூடிய எண்) வைத்து, ஸ்பெஷல் ஃபங்ஷன் வழியாக மேலே உள்ள இரண்டு குமிழ்களுக்குக் கொடுத்துவிட்டேன். பறந்துகொண்டிருக்கும்போதே குமிழைத் திருப்பி நேராக்கலாம். இறங்கியதும் திரையில் எண்ணைப் படித்து, அதை நிலையாக எழுதிவிட்டுக் குமிழைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பையில் இடித்து என்றாவது ஒருநாள் தானே திரும்பும்.

குறியில் கவனம் தேவை. இரண்டு வரிக்கும் ஒரே குறி போட்டால் ஒரு பக்கம் எலிவேட்டர் ஏறும், மறுபக்கம் இறங்கும். தரையிலேயே ரட்டரை இருபுறமும் தள்ளி, இரண்டுக்கும் எலிவேட்டர் மேலேதான் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூலம் ரட்டர் குச்சியாக இருக்கக் கூடாது, ரட்டர் இன்புட்டாக இருக்க வேண்டும். குச்சியை மூலமாக வைத்தால் குறைந்த ரேட்டில் (அசைவின் வரம்பு) ரட்டர் கொஞ்சமாகத் திரும்பும், மிக்ஸ் மட்டும் முழுசாக வந்து மூக்கைத் தூக்கும். இன்புட் என்றால் ரேட்டும் எக்ஸ்போவும் (குச்சியை நடுவில் மென்மையாக்கும் வளைவு) கடந்த மதிப்பு வருவதால் ரட்டர் எவ்வளவோ, மிக்ஸும் அந்த விகிதத்திலேயே வரும். நைஃப் எட்ஜ் மிக்ஸ் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலும் இது விட்டுப்போகிறது, எனக்கு அதில் பெரிய வருத்தம்.

எலிவேட்டருக்கு முன்பே உருளலைச் சரிசெய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. விமானம் உருண்டுகொண்டிருந்தால் கை தானாக ஏலரானுக்குப் போகும், அப்புறம் இழுப்பு எவ்வளவு என்பதே கண்ணுக்குத் தெரியாது. என்னுடையது ரட்டருக்கு எதிர்ப்பக்கம் உருண்டது. அதே பக்க ஏலரான் 3 சதவீதம் போதுமானதாக இருந்தது. எலிவேட்டருக்கு வலது ரட்டரில் 7, இடதில் 4. இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ப்ரொப்பெல்லரின் காற்றுச் சுழலும் மோட்டரை லேசாக வலப்பக்கம் திருப்பி வைத்திருக்கும் வலது த்ரஸ்ட்டும் ஒரு பக்கத்தைத்தான் சாதகமாக்கும். த்ராட்டிலையும் ஒரே அளவில் பிடித்திருங்கள், வேகம் மாறினால் இழுப்பும் மாறும்.

காற்று இல்லாத வேளைதான் இதற்குத் தோது. பொள்ளாச்சி வழியில் ஒரு மேட்டாங்காட்டில் பறக்கிறோம். பாலக்காட்டுக் கணவாய் நேராகக் காற்றைக் கொண்டுவந்து கொட்டும் இடம். ஆடிக் காற்றில் அம்மியே நகரும்போது ஒன்றேகால் கிலோ விமானம் எம்மாத்திரம்? விடிந்த கையோடு போய், தென்னை ஓலை அசையத் தொடங்கியதும் மூட்டை கட்டிவிடுகிறோம். ஒருபக்கம் பீளமேடு விமான நிலையம், இன்னொருபக்கம் சூலூர் விமானப்படைத் தளம் என்பதால் கோவைக்காரர்கள் டிஜிட்டல் ஸ்கை (ட்ரோன் பறக்கும் மண்டலங்களைக் காட்டும் அரசு இணையதளம்) வரைபடத்தைப் பார்க்காமல் புதிய இடத்தில் இறங்காதீர்கள். முன்அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில்கூட 400 அடிதான் எல்லை.

இதற்கெல்லாம் எதற்கு மெனக்கெட வேண்டும், கைரோ (விமானத்தைத் தானே நிலைப்படுத்தும் சென்சார்) ரிசீவர் போட்டால் போச்சு என்று சொல்பவர்கள் உண்டு. கைரோ இழுப்பை மறைக்கும், தீர்க்காது. ஏரோபாட்டிக்ஸ் கற்றுக்கொள்ள வந்தவர்கள் விமானம் என்ன சொல்கிறது என்பதைக் கேட்கப் பழக வேண்டும். காற்றடிக்கும் நாளில் ஹோவர் (மூக்கு மேலே பார்க்க ஒரே இடத்தில் தொங்குவது) பழக வேண்டுமானால் கைரோ போட்டுக்கொள்ளட்டும்.

பொருள் விஷயம். ஒரு ஆன்லைன் கடையில் மெட்டல் கியர் என்று வாங்கிய சர்வோவில் ஒரு பல்சக்கரம் பிளாஸ்டிக். திறந்து பார்க்காமல் விமானத்தில் ஏற்றாதீர்கள். மாடல் கட்டும் லேசான பல்சா மரத்தின் விலையும் இறங்கிய பாடில்லை. உலகத்துப் பல்சாவில் பெரும்பங்கு ஈக்வடாரிலிருந்து வருகிறது. காற்றாலை இறக்கைகளின் உள்ளீட்டுக்கும் அதே மரம் போவதால் 2020 வாக்கில் விலை எகிறியது, நமக்குத் துண்டு துக்கடாவே மிஞ்சியது. அதனால் அடுத்த விமானத்துக்கு இறக்கை ரிப் மட்டும் பல்சா, உடம்பு டெப்ரான் ஃபோம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். எஃப்3ஏ (மாடல் ஏரோபாட்டிக்ஸ் போட்டி வகுப்பு) விதியில் நீளமும் இறக்கையும் 2 மீட்டர் வரை போகலாம். எனக்கு 1.5 மீட்டரே போதும், காரின் பின்சீட்டில் படுக்க வேண்டுமே.

டவுன்லைன் இன்னும் பாக்கி இருக்கிறது. த்ராட்டிலை மூடி நேர் கீழே இறக்கினால் மெல்ல முதுகுப்பக்கம் இழுக்கிறது. த்ராட்டில் அடிமட்டத்தில் இருக்கும்போது மட்டும் 2 சதவீதம் கீழ் எலிவேட்டர் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். அதற்கும் ஒரு குமிழ் ஒதுக்கியாகிவிட்டது. புரட்டாசியில் காற்று தணிந்ததும் அந்த எண்ணையும் எழுதுகிறேன்.