ராத்திரி பாஸுக்கு ஒற்றைத் தகடு

ஜூலை பிறந்துவிட்டால் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாரிஸ் ஏரியில் பகலில் தூண்டில் போட்டு அதிகம் பயனில்லை. காலை பத்து மணிக்குள் ஜெட் ஸ்கீக்களும் ஹவுஸ்போட்டுகளும் ஏரியைக் கலக்கத் தொடங்கிவிடும். மேல்மட்டத் தண்ணீர் 80 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். தண்ணீர் வேறு அப்படியொரு தெளிவு. கரையோரச் சரளைக்கல் படகிலிருந்தே தெரியும். அதே தெளிவில் மீனுக்கும் நாம் தெரிகிறோம். அதனால் கிழக்கு டென்னசியில் பலர் கோடையில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் படகை இறக்குவது இருட்டிய பிறகுதான். அந்த இரவுகளுக்காக ஸ்பின்னர்பெய்ட் என்ற செயற்கை இரையை நான் எப்படி மாற்றிக் கட்டுகிறேன் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் நாக்ஸ்வில் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் அதிர்வுச் சோதனை செய்கிறேன். எந்தப் பாகம் எந்த வேகத்தில் எப்படி அதிர்கிறது என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. அதனாலோ என்னவோ, தூண்டிலிலும் என் கவனம் நிறத்தைவிட அதிர்வுக்குத்தான் போகிறது. இரவைப் பொறுத்தவரை கவனம் போகவேண்டிய இடமும் அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பின்னர்பெய்ட் என்பது திறந்து வைத்த பெரிய ஊக்கு மாதிரி வளைந்த ஒரு கம்பி. கீழ்க்கையில் ஈயத் தலை, கொக்கி, அதை மூடுகிற சிலிகான் இழைகள். அந்த இழைக் கொத்தைத்தான் ஸ்கர்ட் என்கிறார்கள். மேல்கையில் சுழலும் தகடு. கம்பி வளைந்திருக்கும் மூக்கில் தங்கூசியைக் கட்டி இழுத்தால் தகடு சுழன்று, ஒரு சிறு மீன் நீந்திப் போகிற தோற்றத்தைத் தரும். கடையில் அதிகம் தொங்குவது பகலுக்கானது. 3/8 அவுன்ஸ் தலை, வெள்ளையும் பச்சைமஞ்சளும் கலந்த ஸ்கர்ட், முன்னும் பின்னுமாக இரண்டு வில்லோ இலைத் தகடுகள். வெயிலில் பளீர் பளீரென்று மின்னும். வெயிலே இல்லாத நேரத்தில் அந்த மினுக்கலுக்கு என்ன வேலை?

பாஸுக்கு மங்கிய வெளிச்சத்திலும் கண் நன்றாகவே தெரியும். ஆனாலும் நிலவில்லாத இரவில், பதினைந்தடி ஆழத்தில், அது பெரிதும் நம்புவது உடம்பைத்தான். செவுளுக்குப் பின்னாலிருந்து வால் வரை இரண்டு பக்கமும் ஓடுகிற பக்கக்கோடு, கிட்டத்தில் தண்ணீர் அசைவதை உணரும். அதிலும் மெதுவான, கனமான அசைவை நன்றாக உணரும். இன்னும் சற்றுத் தள்ளி எழும் அதிர்வு உட்காதில் விழும். அருகே வந்த பிறகு, மேலே வானத்தின் மெல்லிய வெளிச்சத்தில் தெரிகிற கரிய உருவம் குறி வைக்க உதவும். ஆக, தண்ணீரை அடித்துத் தள்ளுகிற இரை வேண்டும், அது மெதுவாகப் போகவும் வேண்டும். நான் செய்கிற எல்லா மாற்றமும் இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில் தகடு. வில்லோ இலைத் தகடு ஒடுங்கியது. கம்பியை ஒட்டியே வேகமாகச் சுற்றும். மினுக்கல் அதிகம், தண்ணீரை அடிக்கிற அடி குறைவு. கொலராடோ தகடு ஏறக்குறைய வட்டம், நடுவில் நன்றாகக் குழிந்தது. கம்பியை விட்டு அகலமாக விரிந்து, மெதுவாக, ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீரை அள்ளி எறியும். ராடின், அதாவது தூண்டில் கழியின், கைப்பிடி வரை அந்தத் தட்... தட்... தட்... வந்து சேரும். இரவுக்கு நான் இரண்டு தகட்டையும் கழற்றிவிட்டு, 6 அல்லது 7-ஆம் எண் அளவுள்ள கொலராடோ ஒன்றை மட்டும் மாட்டுகிறேன். இரண்டாவது தகடு முதல் தகட்டின் அடியைக் குழப்பும் என்பது என் கருத்து. ஒன்றே இருந்தால் அடி சீராக இருக்கும். மீனுக்கும் பின்தொடர ஒரே தாளம், எனக்கும் விரலில் ஒரே தாளம். அந்தத் தாளம் தடுமாறினால் உடனே தெரிந்துவிடும்.

தகட்டைவிட அதிகம் பேர் கோட்டைவிடுவது ஸ்விவலில், அதாவது தகட்டைக் கம்பியோடு இணைத்துச் சுழலவிடும் சிறு இணைப்பில். விலை குறைந்த ஸ்விவல் வேகமாக இழுக்கும்போது சுற்றும். இரவில் இழுக்கிற ஆமை வேகத்தில் சிக்கி நின்றுவிடும். உள்ளே சிறு உலோக உருண்டைகள் வைத்த பால்பேரிங் ஸ்விவல்தான் வேண்டும். சோதிக்கிற முறை எளிது. ஸ்பின்னர்பெய்ட்டை முகத்துக்கு நேரே பிடித்துத் தகட்டின் மேல் மெதுவாக வாயால் ஊதுங்கள். லேசாக ஊதும்போதே தகடு புறப்பட்டு, ஊதுவதை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று சுற்று சுற்றி அடங்கினால் அது நல்ல ஸ்விவல். பலமாக ஊதினால்தான் நகர்கிறது, நகரும்போது கரகரவென்று ஒரு உரசல் விரலில் தெரிகிறது என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கடையில் வாங்கும்போதே ஊதிப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

பெரிய கொலராடோ போட்டவுடன் புதிதாக ஒரு சிக்கல் வரும். அது இரையை மேலே தூக்கும். 3/8 அவுன்ஸ் தலையில் 7-ஆம் எண்ணைப் போட்டால், எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் ஆழத்தை விட்டு ஏறிக்கொண்டே வரும். சில நேரம் ஒரு பக்கம் சாய்ந்து சுழலும். அதனால் தலை அரை அவுன்ஸுக்குக் குறையக் கூடாது, முக்கால் அவுன்ஸ் இன்னும் நல்லது. கடைச் சரக்கில் முக்கால் அவுன்ஸ் எளிதில் கிடைப்பதில்லை. நான் வண்ணம் பூசாத, கம்பியும் கொக்கியும் சேர்த்து வார்த்த ஈயத் தலைகளை வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஹீட் கன்னால் சூடாக்கி, கறுப்புப் பவுடர் பெயிண்டில் ஒரு முக்கு. பிறகு 350 டிகிரி பாரன்ஹீட்டில் சுமார் இருபது நிமிடம் வேகவைத்தால் பாறையில் மோதினாலும் எளிதில் பெயராது. அதற்கென்று கேரேஜில் ஒரு பழைய டோஸ்டர் அவன் இருக்கிறது. சமையலறை அவனில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். ஈயத்தைத் தொட்ட கையை நன்றாகக் கழுவுங்கள்.

அடுத்தது மேல்கை. பகல் ஸ்பின்னர்பெய்ட்டில் தகடு கொக்கிக்குப் பின்னால் வரை போகிற மாதிரி கை நீளமாக இருக்கும். இரவுக்கு அதைக் கட்டரால் வெட்டி, உருண்டை மூக்கு இடுக்கியால் நுனியில் புது வளையம் போடுகிறேன். கை, கொக்கி முனைக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். தகடு சுற்றும்போது ஸ்கர்ட்டைத் தொடாத அளவு இடைவெளியும் இருக்க வேண்டும். கையைக் குறைப்பதற்குக் காரணம் உண்டு. நாரிஸின் கரைகள் பல இடங்களில் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. அந்தச் சுவரை ஒட்டிப் படிப்படியாக இரையை இறக்கவேண்டும். நீளக் கை வைத்தது விழும்போது தகடு சரியாகச் சுற்றாது. கை குறைந்தது ஹெலிகாப்டர் போல நேர்க்கீழே சுற்றிக்கொண்டே இறங்கும். மீன் பலமுறை அந்த இறக்கத்தில்தான் எடுக்கிறது.

ஸ்கர்ட்டுக்குக் கறுப்பு. கறுப்போடு பத்துப் பன்னிரண்டு இழை ஊதா அல்லது கருநீலம் சேர்ப்பேன். அது மீனுக்கா எனக்கா என்று கேட்டால், பெரும்பாலும் எனக்கு. என் மகளுக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது; "அப்பா, இதுல ஊதா பத்தல" என்று பிரித்து மறுபடி கட்டுவாள். ரப்பர் வளையத்துக்குப் பதில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டினால் ஸ்கர்ட் நழுவாது. இழைகளைப் பாதிக்குமேல் முன்பக்கமாக விட்டுக் கட்டினால், தண்ணீர் அவற்றைப் பின்னால் மடக்கும்போது ஸ்கர்ட் புடைத்து நிற்கும். உருவம் பெரிதாகத் தெரியும், விழும் வேகமும் குறையும். கொக்கியில் ஒரு தடித்த மென்பிளாஸ்டிக் வால். முன்பெல்லாம் உப்புநீர்ப் புட்டியில் வரும் பன்றித்தோல்தான் இதற்குப் பேர்போனது. இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னும் அதைப் பற்றி ஆசையோடு பேசுகிறார்கள்.

தகட்டுக்கும் கறுப்புப் பூசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிலவில்லாத இரவில் அது என்ன நிறமாக இருந்தாலும் வித்தியாசம் கண்டதில்லை. முழுநிலவில் மட்டும் செம்புநிறத் தகடு மாட்டுகிறேன், மங்கலாக ஒரு பளபளப்பு போதும் என்பதால்.

கட்டி முடித்ததும் முன்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். மேல்கையும் கொக்கியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். படகோரம் இரண்டு கஜம் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் மேல்கையை மயிரிழை வளைத்து நேராக்குங்கள். பெரிய மீன் ஒன்று பிடித்த பிறகு ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும், கம்பி கட்டாயம் கோணியிருக்கும்.

சரி, இழுப்பது எப்படி? பாறைச் சுவரை ஒட்டி எறிந்து, தங்கூசியை அரைகுறை விறைப்பில் வைத்து இறங்க விடுங்கள். ஒரு படியில் உட்கார்ந்ததும் தட் என்று அடி நிற்கும். லேசாகத் தூக்கி அடுத்த படிக்கு இறக்குங்கள். சரளை முனைகளில் தரையை ஒட்டி, தகடு சுற்றுவதற்கு எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவே கொடுத்து இழுங்கள். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் சுருள் ஐந்து முறை சுற்றுகிற மெதுவான ரீல் இதற்கு வசதி. ஸ்மால்மவுத் வகைப் பாஸ் சில நேரம் கையிலிருந்து ராடைப் பிடுங்கும் வேகத்தில் அடிக்கும். ஆனால் பெரியவை பலமுறை பின்னாலிருந்து வாய்க்குள் வாங்கிக்கொண்டு அப்படியே நம் பக்கம் நீந்தி வரும். அப்போது தெரிவது ஒன்றே: அடி நின்றுவிடும். தங்கூசியில் கனமும் இருக்காது. அடி நின்றால் யோசிக்காமல் ராடைச் சொடுக்க வேண்டும்.

அடி நிற்பதை விரலில் உணர்வது எனக்கு மேட்டூரில் பழகியது. 1934-இல் கட்டி முடித்த அந்த அணைக்கும் 1936-இல் முடித்த நாரிஸ் அணைக்கும் இரண்டே வயது வித்தியாசம் என்பதை இங்கே வந்த பிறகுதான் கவனித்தேன். அங்கே என் சித்தப்பாவுக்கு ராடும் கிடையாது, ரீலும் கிடையாது. தங்கூசியை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு இருட்டில் கரையில் உட்கார்ந்திருப்பார். "தண்ணியப் பாக்காதடா, விரலப் பாரு" என்பார். இன்றும் ரீலுக்கு முன்னால் தங்கூசி என் ஆள்காட்டி விரலின் மேல்தான் ஓடுகிறது.

கண்ணுக்கும் ஒரு உதவி உண்டு. படகின் விளிம்பில் கறுப்பொளி விளக்கு, அதாவது புறஊதா விளக்கு ஒட்டி, ஒளிரும் நீலநிற மோனோ (ஒற்றையிழை நைலான்) தங்கூசி போட்டால், தண்ணீருக்கு மேலே இருக்கும் இழை முழுக்க நீலமாக எரியும். இழை துள்ளுவதும் தளர்வதும் தெளிவாகத் தெரியும். ஃப்ளூரோகார்பன் தங்கூசி அப்படி ஒளிராது. தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் மட்டும் வையுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும்.

ஓடும் படகில் முன்னால் சிவப்பு பச்சை விளக்கும் பின்னால் வெள்ளை விளக்கும் எரிய வேண்டும். நங்கூரமிட்டால் எல்லாப் பக்கமும் தெரிகிற வெள்ளை விளக்கு. உயிர்காப்பு மேலங்கியை இரவில் கழற்றவே கூடாது. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குக் குறைந்த பெரும்பாலான எஞ்சின் படகுகளுக்கு அமெரிக்க மத்திய அரசுச் சட்டமாகவே ஆகிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் மாட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் வாலைக் கழற்றித் தனியாக வையுங்கள். சில வகைப் பிளாஸ்டிக், சிலிகான் ஸ்கர்ட்டோடு ஒட்டி உருகி அதைக் கெடுத்துவிடும். ஈரத்தோடு பெட்டியில் மூடினால் பேரிங் துருப்பிடிக்கும், அடுத்த வாரம் ஊதிப் பார்க்கும்போது சுற்றாது. நான் ராத்திரியே கேரேஜில் ஒரு கம்பியில் மாட்டிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.