விரலுக்கேற்ற வீக்கம்: எஸ்பிஎல் தேர்வில் 46-லிருந்து 63 வரை

ரிசல்ட் வந்து நான்கு நாள் ஆகிறது. 63 என்ற எண்ணைப் பார்த்த பிறகும், போன முறை என்னைத் தேறவிடாமல் செய்த 46-தான் மனதில் பெரிதாக நிற்கிறது. அது ஏன் வந்தது என்பதை எழுதி வைத்துவிட்டால்தான் எனக்கு நிம்மதி. ஏசிசிஏ என்ற சர்வதேசக் கணக்காளர் படிப்பின் ஸ்ட்ராடஜிக் பிசினஸ் லீடர் (எஸ்பிஎல்) தாளுக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள், அதிலும் ஏற்கெனவே ஒரு முறை தவறியவர்கள், படித்துப் பாருங்கள். மூன்று டாஸ்க் (பெரிய கேள்விகள்), தொழில்நுட்பத்துக்கு 80, தொழில்முறைத் திறனுக்கு 20 என்ற மதிப்பெண் பிரிப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. அதற்குள் நான் போகவில்லை.

முதல் முறை நான் உழைப்பில் குறை வைக்கவில்லை. ப்ரீ-சீன் (தேர்வுக்கு முன்பே தரப்படும் நிறுவன விவரத் தொகுப்பு) கைக்கு வந்த இரண்டு வாரத்தில் 22 பக்கம் குறிப்பு எழுதினேன். பெஸ்டல், ஐந்து விசைகள், மதிப்புச் சங்கிலி, மெண்டலோ கட்டம் என்ற உத்தி ஆய்வு மாடல்கள் எல்லாவற்றையும் அந்த நிறுவனத்துக்குப் பொருத்தி மனப்பாடம் செய்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நேரத்துக்குள் மூன்று டாஸ்க்கையும் முடித்தேன். வெளியே வரும்போது தேறிவிடுவேன் என்றே நம்பினேன்.

அன்று இரவு தூக்கம் வராமல், எழுதிய விடைகளின் முக்கியக் குறிப்புகளை மட்டும் நினைவிலிருந்து இரண்டு தாள்களில் எழுதிப் பார்த்தேன். ஒரு தாளில் முதல் டாஸ்க், இன்னொன்றில் மூன்றாவது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. இரண்டும் ஒரே நிறுவனத்தைப் பற்றி எழுதியவை போலவே இல்லை.

கேள்வியின் விவரங்களை முழுக்க மாற்றிச் சொல்கிறேன். குளிர்பதனக் கிடங்குகள் நடத்தும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் டாஸ்க்கில் அதன் உத்தி நிலையை இயக்குநர் குழுவுக்கு மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். நான் எழுதியவை: வருமானத்தில் 40 சதவீதம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது, அந்த ஒப்பந்தம் 14 மாதத்தில் முடிகிறது, செயல்பாட்டு லாபம் வட்டிச் செலவைப்போல் 2.5 மடங்குக்குக் கீழே போகக் கூடாது என்று வங்கி நிபந்தனை வைத்திருக்கிறது. மூன்று வட்டார மேலாளர்களில் இரண்டு பேர் ராஜினாமா செய்துவிட்டார்கள். எல்லாம் சரியான குறிப்புகள். மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும்.

மூன்றாவது டாஸ்க்கில், ஒரு போட்டி நிறுவனத்தை 40 மில்லியன் டாலர் கடன் வாங்கி வாங்கலாமா என்று தலைமை நிர்வாகி கேட்கிறார். நான் எழுதியது: சந்தைப் பங்கு கூடும், புதிய வட்டாரங்கள் கிடைக்கும், அளவால் செலவு குறையும், ஆகவே வாங்கலாம்.

முதல் டாஸ்க்கில் நானே கண்டுபிடித்த மூன்று ஆபத்தில் ஒன்றுகூட அங்கே தலைகாட்டவில்லை.

என் 46-க்கு இதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். விடைத்தாள் நம் கைக்குத் திரும்பி வருவதில்லை, அதனால் இதை நிரூபிக்க முடியாது. ஆனால் இரண்டாவது முறை நான் மாற்றியது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். தேர்வறையில் இரண்டு நிமிடம்கூட ஆகாது. இப்போதைய செயல்பாட்டு லாபம் 18 மில்லியன், வட்டி 6 மில்லியன். 3 மடங்கு இருக்கிறது, நிபந்தனை 2.5. சௌகரியமாகத் தெரியும். 40 மில்லியன் புதுக் கடனுக்கு 7.5 சதவீதம் என்றால் வட்டி இன்னும் 3 மில்லியன். வாங்கப்போகும் நிறுவனம் கொண்டு வரும் லாபம் 4 மில்லியன். 22-ஐ 9-ஆல் வகுத்தால் 2.44. வாங்கிய நாளிலேயே வங்கி நிபந்தனை உடைகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். வாங்கவே இல்லை என்றாலும், லாபம் 18-லிருந்து 15-க்கு இறங்கினால் நிபந்தனையின் எல்லையைத் தொட்டுவிடும். இடைவெளி 3 மில்லியன்தான். குளிர்பதனக் கிடங்கில் மின்சாரமும் கட்டடச் செலவும் சரக்கு குறைந்தாலும் அவ்வளவாகக் குறையாது. 40 சதவீத வாடிக்கையாளர் போய்விட்டால் அந்த 3 மில்லியன் எந்த மூலைக்கு? அப்படியானால் பரிந்துரை என்னவாக இருக்க வேண்டும்? முதலில் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது. அதுவரை போட்டி நிறுவனத்தின் கிடங்குகளில் இடத்தை மட்டும் குத்தகைக்கு எடுத்துப் புது வட்டாரங்களைச் சோதிப்பது. ஒப்பந்தம் கையெழுத்தான பின் கடனையும் பங்கு வெளியீட்டையும் கலந்து வாங்குவதைப் பற்றிப் பேசுவது. “வாங்கு”, “வாங்காதே” என்பதற்கு நடுவே “இப்போது இல்லை, இன்னது நடந்த பிறகு” என்றொரு விடை இருக்கிறது. முதல் முறை அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு உத்தியை எடைபோட, பொருத்தம், ஏற்புடைமை, சாத்தியம் என்ற மூன்று அளவுகோலும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் எழுதும்போது பொருத்தத்துக்கு முக்கால் பக்கம், சாத்தியத்துக்கு ஒரு வரி என்றுதான் எழுதுகிறோம். “நிதி கிடைத்தால் செயல்படுத்தலாம்” என்ற அந்த ஒரு வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். நிதி கிடைக்குமா என்று பார்த்துச் சொல்வதுதான் நம் வேலை. விரலுக்கேற்ற வீக்கமா என்பதைத்தான் அந்தக் கேள்வி கேட்கிறது.

இரண்டாவது முறை நான் செய்தது இது. ப்ரீ-சீனைப் படித்ததும் 22 பக்கம் எழுதவில்லை. ஒரே தாளில் ஐந்து வரி. அவற்றுக்கு “சுவர்கள்” என்று பெயர் வைத்தேன்.

1. கையில் உள்ள பணம், இன்னும் கடன் வாங்க இருக்கும் இடைவெளி.
2. வெளியார் போட்ட நிபந்தனை: வங்கி, உரிமம், ஒழுங்குமுறை.
3. இதைச் செய்ய ஆள் இருக்கிறார்களா? யார் போய்விட்டார்கள்?
4. எந்தத் தேதியில் எது முடிகிறது? ஒப்பந்தம், காப்புரிமை, குத்தகை.
5. “முடியாது” என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்? நிறுவனக் குடும்பம், பெரிய பங்குதாரர், தொழிற்சங்கம்.

தேர்வறையில் கணினி திறந்ததும் இந்த ஐந்து தலைப்பையும் ஸ்கிராட்ச் பேடில் (திரையில் குறிப்பெழுதும் இடம்) அடித்தேன். கேள்வியோடு வரும் ஆவணமான ஒவ்வொரு எக்ஸிபிட்டைப் படிக்கும்போதும், எந்தச் சுவர் உயர்ந்தது, எது இடிந்தது என்று அரை வரி சேர்த்தேன். ப்ரீ-சீனில் பலமாக இருந்த ஒன்று தேர்வு நாளில் பலவீனமாகியிருக்கும். அந்த மாற்றத்தின் மீதுதான் கேள்விகள் நிற்கின்றன. பிறகு எந்தப் பரிந்துரை எழுதினாலும் அதை ஐந்து சுவரிலும் முட்டிப் பார்த்த பிறகே அடுத்த பத்திக்குப் போனேன்.

இது தேர்வுக்கான தந்திரம் மட்டும் இல்லை. டாடா மோட்டார்ஸ் 2008 ஜூனில் ஜாகுவார் லேண்ட் ரோவரை 2.3 பில்லியன் டாலருக்கு வாங்கி முடித்தது. அதற்காக 3 பில்லியன் டாலர் குறுகிய காலக் கடன் எடுத்திருந்தது. பொருத்தம் என்ற அளவுகோலில் அருமையான முடிவு: புகழ்பெற்ற பிராண்டுகள், தொழில்நுட்பம், புதிய சந்தைகள். மூன்றே மாதத்தில் அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் விழுந்தது. கார் விற்பனையும் கடன் சந்தையும் சேர்ந்தே உறைந்தன. 2008-09 நிதியாண்டில் டாடா மோட்டார்ஸின் ஒருங்கிணைந்த நஷ்டம் ஏறத்தாழ 2,500 கோடி ரூபாய். பின்வந்த ஆண்டுகளில் அதே ஜாகுவார் லேண்ட் ரோவர்தான் லாபத்தின் பெரும்பகுதியைக் கொண்டுவந்தது. உத்தி தவறில்லை. முதல் சுவரும் (பணம்) நான்காவது சுவரும் (குறுகிய காலக் கடன் முடியும் தேதி) ஒரே நேரத்தில் நெருக்கின. இப்படி யோசிக்கப் பழகினால் “நல்ல உத்தி”, “கெட்ட உத்தி” என்று எழுதும் பழக்கம் தானாக விட்டுப்போகும்.

எதிர்ப் பக்கத்துக்கு டென்மார்க்கின் பொம்மை நிறுவனம் லெகோ. 2003-ல் பெரும் நஷ்டம். 2004-ல் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்ற யோர்கன் விக் நுட்ஸ்டோர்ப் உடனே வளர்ச்சித் திட்டம் போடவில்லை. முதலில் பணம். பெருகிப்போன பொம்மைத் துண்டு வகைகள் வெட்டப்பட்டன. 2005-ல் லெகோலாண்ட் பூங்காக்களின் பெரும்பான்மைப் பங்கு விற்கப்பட்டது. மூச்சு வந்த பிறகுதான் வளர்ச்சி. எதைச் செய்யலாம் என்பதற்கு முன்னால் எதை விட்டுவிடலாம் என்று பரிந்துரைக்கவும் நமக்கு உரிமை உண்டு. ஒரு பிரிவை விற்கச் சொல்லி விடை எழுத நான் முதல் முறை பயந்தேன். நிறுவனத்தை வளர்க்கச் சொல்வதே மரியாதை என்று எப்படியோ மனதில் பதிந்திருந்தது.

மாடல்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அவற்றைப் படியுங்கள், ஆனால் விடையில் அவற்றின் பெயரால் கடை பரப்பாதீர்கள். அன்சாஃப் தன் வளர்ச்சி உத்திக் கட்டத்தை 1957-லும், போர்ட்டர் போட்டியை அலசும் ஐந்து விசைகளை 1979-லும் வெளியிட்டார்கள். திருத்துபவருக்கு அவை புதிதல்ல. ஐந்து விசைகளில் இரண்டுதான் இந்த நிறுவனத்தைக் கடிக்கிறது என்றால் இரண்டை மட்டும் எழுதுங்கள். மீதி மூன்றுக்கு ஆளுக்கொரு வரி எழுதி நேரத்தைக் கொட்டாதீர்கள்.

ஒரு பத்தி எப்படி மாறியது என்று காட்டுகிறேன்.

முன்பு: “வாடிக்கையாளர்களின் பேரம் பேசும் சக்தி அதிகம். இது நிறுவனத்துக்கு அச்சுறுத்தல்.”

இப்போது: “வருமானத்தில் 40 சதவீதம் தரும் வாடிக்கையாளரின் ஒப்பந்தம் 14 மாதத்தில் முடிகிறது. புதுப்பிக்கும்போது அவர்கள் விலைக் குறைப்பு கேட்பார்கள் என்றே எதிர்பார்க்க வேண்டும். வங்கி நிபந்தனைக்கு மேல் நமக்குள்ள இடைவெளி 3 மில்லியன் மட்டுமே என்பதால், இந்தப் பேச்சுவார்த்தை முடியும்வரை கடன் சார்ந்த எந்த விரிவாக்கத்தையும் குழு ஏற்கக் கூடாது.”

உண்மை, அதன் பொருள், முடிவுக்கு அது என்ன செய்கிறது. மூன்றாவது பகுதி இல்லாத பத்தி அரைப் பத்திதான். “அதனால் என்ன?” என்று என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பது போல் கற்பனை செய்து எழுதினேன். அவன் நிஜமாகவே அப்படித்தான் கேட்பான்.

தொழில்முறைத் திறன் மதிப்பெண்களுக்கென்று தனிக் கேள்வி வருவதில்லை, அவை பெரும்பாலும் இந்த மூன்றாவது பகுதியில்தான் ஒளிந்திருக்கின்றன. ஸ்கெப்டிசிசம், அதாவது சொன்னதை அப்படியே நம்பாமல் கேள்வி கேட்கும் திறன், மட்டும் கொஞ்சம் வேறு. விற்பவர் தரும் லாபக் கணிப்பை அப்படியே எடுத்து நான் கணக்குப் போட்டேன் பாருங்கள், அந்த 4 மில்லியன், அதை யார் சொன்னது? எந்த ஆண்டுக்கு? தணிக்கை ஆனதா? இந்தக் கேள்விகளை எழுத வேண்டும். விற்பவர் பொய் சொல்கிறார் என்று எழுதக் கூடாது. எந்த ஆதாரம் வந்தால் நம்பலாம் என்று எழுத வேண்டும்.

மற்றவை, வேகமாக:

- 80 தொழில்நுட்ப மதிப்பெண்ணுக்குத் தலா 2 நிமிடம், 160. மீதி 35 நிமிடம் படிக்கவும் திட்டமிடவும். அந்த 35-ஐ முழுதாகச் செலவழியுங்கள். பக்கத்து ஆள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டால் பதறாதீர்கள்.
- “மதிப்பிடு” என்றால் தீர்ப்பு வேண்டும். “விளக்கு” என்றால் வேண்டாம். பரிந்துரை கேட்காத இடத்தில் பரிந்துரைத்து நேரத்தை வீணாக்கினேன்.
- யாருக்கு எழுதுகிறோம் என்பதைத் தலைப்பில் மட்டும் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். நிர்வாகம் சாராத தலைவருக்குக் கிடங்கின் இயந்திர விவரம் தேவையில்லை.
- ஸ்லைடு கேட்டால் ஸ்லைடில் நான்கைந்து குறுகிய வரி, விளக்கம் கீழே குறிப்பில்.
- எக்ஸிபிட்டிலிருந்து வரிகளை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. நான் மெதுவாக யோசிப்பவள். நாலு பேர் பேசினால் அவர்கள் சொன்னது என் கருத்து போலவே மனதில் தங்கிவிடும். பேசிப் பேசித்தான் தெளிவு வரும் என்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன்: ப்ரீ-சீன் வந்ததும் “எதிர்பார்க்கப்படும் கேள்விகள்” என்று மாதிரி விடைகள் சுற்றுக்கு வரும். முதல் முறை நான் போன பயிற்சி வகுப்பில் அப்படி ஒரு கட்டு கொடுத்து, படித்தால் போதும் என்றார்கள். போதவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்கள் ஊகித்த கேள்விக்கான விடை என் விரல் நுனியில் இருந்ததால், கேட்ட கேள்வியை நான் சரியாகப் படிக்கவே இல்லை.

இரண்டாவது முறை, மூன்றாம் டாஸ்க்கில் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கலாமா என்று கேள்வி. எக்ஸிபிட் அதற்குச் சாதகமாக இருந்தது, தொனியும் உற்சாகமாக இருந்தது. “ஏற்கலாம்” என்று தொடங்கி அரைப் பத்தி அடித்தும்விட்டேன். அப்புறம் ஸ்கிராட்ச் பேடைப் பார்த்தேன். மூன்றாவது சுவரில் முக்கால் மணி நேரத்துக்கு முன் நானே அடித்த அரை வரி இருந்தது: திட்டத்தை நடத்த வேண்டிய அதே குழு, வேறொரு வேலையில் ஆண்டு இறுதிவரை மாட்டிக்கொண்டிருக்கிறது. அடித்ததை அழித்தேன். ஏற்கலாம், ஆனால் அந்த வேலை முடிந்த பின், இன்ன இரண்டு நிபந்தனையோடு என்று புதிதாகத் தொடங்கினேன். கடைசி வரியை அடித்தபோது கடிகாரத்தில் ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. அதை முதல் டாஸ்க்குக்குத் திரும்பிப் போய், அந்தக் குழுவைப் பற்றிய குறிப்பில் “இது மூன்றாவது முடிவின் காலத்தையும் தள்ளிப்போடும்” என்று ஒரு வரி சேர்க்கப் பயன்படுத்தினேன்.

தவறியவர்கள் பழைய குறிப்புகளைக் கிழித்துப் போடாதீர்கள். என்னைப் போல அந்த இரண்டு தாள்களை எழுதிப் பாருங்கள். தேர்வு முடிந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, முக்கியமான நாலைந்து வரி நினைவுக்கு வரும். நினைவுக்கு வராவிட்டால், வெளியிடப்பட்ட பழைய தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதி, மறுநாள் முதல் டாஸ்க்கையும் மூன்றாவதையும் மட்டும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்றில் இருக்கும் எண் மற்றொன்றில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். எனக்குப் பூஜ்யம் வந்தது.